சுவருக்குப் பின்னால் செத்தவன்

"மாமா, நான் செவுத்துக்குப் பின்னாடி வந்துட்டேன். அப்புறமும் அடிச்சுட்டான். கண்டிப்பா ஹேக்கர்தான்."

அக்கா மகன் போனை மெத்தையில் எறிந்துவிட்டு இதைச் சொன்னபோது எனக்குச் சிரிப்பு வந்தது. இருபது வருடத்துக்கு முன் திருச்சி தில்லைநகரில், மணிக்கு 20 ரூபாய் வாங்கிய ஒரு பிரவுசிங் சென்டரில், கவுன்டர் ஸ்ட்ரைக் 1.6 ஆடிக்கொண்டு இதே ஆத்திரத்தில் இதே வசனத்தை நானும் கத்தியிருக்கிறேன். அங்கே எல்லாக் கணினியும் ஒரே அறையில் இருந்தன. நான் ஹேக்கர் என்று சொன்ன ஆள் என் முதுகுக்குப் பின்னால் உட்கார்ந்து தேங்காய் பன் தின்றுகொண்டிருந்தான். எழுந்து போய் அவன் திரையையே பார்த்தேன். ஒன்றுமில்லை. அவனுக்கு நன்றாகச் சுட வந்தது, அவ்வளவுதான்.

கேம் ஆடுகிறவர்களுக்கும், ஆடுகிறவர்களைத் திட்டுகிறவர்களுக்கும் பொதுவான ஒரு பழக்கம் உண்டு: வலிக்கிற இடத்தில் பழி போடுவது. காரணம் பெரும்பாலும் வேறெங்கோ இருக்கும். சமீப வருடங்களில் நான் அடிக்கடி கேட்ட சில நம்பிக்கைகளை அந்தக் கண்ணோடு பார்க்கலாம்.

"சுவருக்குப் பின்னால் வந்த பிறகு செத்தேன், அவன் ஹேக்கர்"

ஆன்லைன் ஷூட்டரில் உங்கள் திரையில் ஓடுவது ஒரு கதை, எதிரியின் திரையில் ஓடுவது இன்னொரு கதை. நடுவில் சர்வர் என்ற பஞ்சாயத்துத் தலைவர். எதிரி உங்களைப் பார்த்துச் சுடுகிறான். அந்தச் செய்தி சர்வருக்குப் போய்ச் சேர விநாடியில் இருபதில் ஒரு பங்கு ஆகிறது என்று வைத்துக்கொள்வோம். அதற்குள் நீங்கள் நகர்ந்திருப்பீர்கள். சர்வர் என்ன செய்யும்? கடிகாரத்தைப் பின்னுக்குத் தள்ளி, "சுட்ட கணத்தில் இவன் திரையில் அவன் எங்கே தெரிந்தான்" என்று பார்த்துத் தீர்ப்புச் சொல்லும். வால்வ் நிறுவனத்தின் பொறியாளர் யான் பெர்னியர் 2001-லேயே இதை விளக்கி எழுதிவிட்டார். இன்றைய ஷூட்டர்களில் பெரும்பாலானவை இந்த வழியில் போகிறவைதான்.

சிறு கணக்கு ஒன்று. கவுன்டர் ஸ்ட்ரைக்கில் ஏகே-47 தூக்கிக்கொண்டு ஓடுகிறவனின் வேகம் விநாடிக்கு 215 அலகு. ஒரு ஆளின் உடல் அகலம் 32 அலகு. அவன் பக்கத் தாமதம், உங்கள் பக்கத் தாமதம் இரண்டும் சேர்ந்து விநாடியில் பத்தில் ஒரு பங்கு ஆனால், அதற்குள் நீங்கள் 21 அலகு நகர்ந்திருப்பீர்கள், அதாவது உடம்பில் மூன்றில் இரண்டு பங்கு. உங்கள் திரையில் சுவர் மறைத்துவிட்டது. அவன் திரையிலோ உங்கள் தோளும் தலையும் இன்னும் வெளியே தெரிகின்றன. இருவர் சொல்வதும் உண்மை. ஆனால் சட்டம் சுட்டவன் பக்கம்.

இது அநியாயம் என்று தோன்றலாம். மாற்றிப் பாருங்கள். சுட்டவன் பக்கம் தீர்ப்புத் தராவிட்டால், எதிரி தெரிகிற இடத்தில் சுட்டுப் பயனில்லை. அவன் போகப்போகிற இடத்தை ஊகித்து, தன் இணைய வேகத்தையும் கணக்கிட்டு, வெறும் காற்றில் சுட வேண்டும். தொண்ணூறுகளில் இணையத்தில் ஆடியவர்கள் அப்படித்தான் சுட்டார்கள். அந்தக் கஷ்டத்துக்கு இது தேவலை.

இதே காரணத்தால் மூலையில் காத்திருப்பவனைவிட மூலையிலிருந்து பாய்ந்து வருகிறவனுக்கு ஒரு நூலளவு முன்னிலை. அவன் உங்களைப் பார்த்த பிறகுதான் நீங்கள் அவனைப் பார்ப்பீர்கள். 2020-ல் வந்த வேலரன்ட் விநாடிக்கு 128 தடவை கணக்குப் பார்க்கும் சர்வர்களை வைத்து இந்த முன்னிலையைக் குறைக்கப் பார்த்தது. கவுன்டர் ஸ்ட்ரைக் 2 வேறு வழி எடுத்து, நீங்கள் விசையை அழுத்திய துல்லியமான நொடித்துணுக்கையே சர்வருக்கு அனுப்புகிறது. இரண்டும் குறைத்தன, ஒழிக்கவில்லை. ஒழிக்கவும் முடியாது. மும்பை சர்வருக்கும் உங்கள் வீட்டு வைஃபைக்கும் நடுவில் இருப்பது நிஜ உலகம்.

ஹேக்கரே இல்லை என்று நான் சொல்லவில்லை. இருக்கிறார்கள். கணினி ஆன் ஆகும்போதே விழித்துக்கொண்டு, இயங்குதளத்தின் அடிமடி வரை எட்டிப் பார்க்கிற வேன்கார்ட் போன்ற காவல் மென்பொருளை வேலரன்ட் வைத்திருப்பது சும்மா இல்லை. ஆனால் ஒரு மாலையில் எட்டுத் தடவை செத்தவன் எட்டுத் தடவையும் ஹேக்கரிடம்தான் செத்தேன் என்றால், முதலில் வைஃபை ரவுட்டரைப் பார்க்கச் சொல்வேன். அக்கா வீட்டு ரவுட்டர் பூஜை அறை அலமாரியில், பித்தளைக் குடத்துக்குப் பின்னால் இருந்தது.

"வேணும்னே எனக்குப் பெரிய ஆளுங்களையே போடுறான்"

திறமை பார்த்து ஜோடி சேர்ப்பதைப் பற்றிய புகார் இது. சதுரங்கத்தில் ஆர்பாட் ஈலோ வகுத்த புள்ளிமுறைதான் இதற்கு மூலம். உங்களுக்குச் சமமான ஆளோடு மோதவிட்டால் பாதி ஆட்டம் தோற்பீர்கள். அதுதான் அந்த முறை ஒழுங்காக வேலை செய்வதன் அடையாளம். ஆனால் பாதி ஆட்டம் தோற்கிற மனசுக்கு அது சதி போலத் தெரிகிறது.

கால் ஆஃப் டியூட்டியை வெளியிடும் ஆக்டிவிஷன் 2024-ல் தன் சொந்தச் சோதனை ஒன்றை வெளியிட்டது. ஒரு பகுதி ஆட்டக்காரர்களுக்கு, சொல்லாமலேயே, ஜோடி சேர்ப்பதில் திறமைக்குத் தரும் எடையைக் குறைத்துப் பார்த்தார்கள். மேல்தட்டு 10 சதவீதத்தினரைத் தவிர மற்ற 90 சதவீதத்தினரிடம் மறுபடி வந்து ஆடுவது குறைந்தது. நிறுவனமே சொல்லும் கணக்கு, அந்த அளவு சந்தேகத்தோடே எடுத்துக்கொள்ளலாம். ஆனாலும் யார் இந்த முறையை எடுக்கச் சொல்லி அதிகம் கத்துகிறார்கள் என்று கவனித்தால் புரியும்: காணொளி போட்டு ஆடும் சூரர்கள். அவர்களுக்குத் தீனியாகப் போகப்போவது நாம்தான்.

"ஃப்ரீ கேம்ல காசு போட்டவன்தான் ஜெயிப்பான்"

பாதி உண்மை. ஆபத்து மீதிப் பாதியில்.

கிளாஷ் ஆஃப் கிளான்ஸ் வகையை எடுத்துக்கொள்ளுங்கள். கோட்டையை ஒரு படி உயர்த்த நாள்கணக்கில் காத்திருக்க வேண்டும். ரத்தினக்கல் வாங்கினால் காத்திருக்க வேண்டாம். 2012-லிருந்து அது விற்பது நேரத்தை. நேரம் வாங்கியவன் முன்னால் போகத்தான் செய்வான். ஆனால் டோட்டா 2-ஐப் பாருங்கள். அத்தனை நாயகர்களும் முதல் நாளிலிருந்தே எல்லோருக்கும் இலவசம். காசு போட்டால் கிடைப்பது உடை, தலைப்பாகை, வாள் நுனியில் எரிகிற நீல நெருப்பு. அந்த உடைகளை விற்றே 2021 உலகப் போட்டிக்கு 4 கோடி டாலருக்கு மேல் பரிசுப்பணம் சேர்ந்தது. அதுவும், ஆட்டக்காரர்கள் அந்த உடைகளுக்காக வாங்கிய பேட்டில் பாஸ் என்ற சீட்டின் வருமானத்தில் கால் பங்கிலிருந்து. மீதி முக்கால் பங்கு எங்கே போயிருக்கும் என்று சொல்லத் தேவையில்லை. யாரும் ஜெயிப்பதற்காகக் கொடுத்த காசில்லை அது.

அப்படியானால் பிரச்சினை இல்லையா? இருக்கிறது, ஆனால் வெற்றி தோல்வியில் அல்ல. பெட்டியில். உள்ளே என்ன இருக்கிறதென்று தெரியாமல் காசு கொடுத்துத் திறக்கும் அதிர்ஷ்டப் பெட்டியில்.

கென்ஷின் இம்பாக்டில் பெட்டி திறப்பது சீட்டு இழுப்பது போல. ஒரு ஐந்து நட்சத்திரப் பாத்திரம் விழ ஒவ்வொரு இழுப்புக்கும் அடிப்படை வாய்ப்பு 0.6 சதவீதம். இந்த வாய்ப்பில் பத்து இழுப்பு இழுத்தால் 94 சதவீதம் ஒன்றும் விழாது. தொண்ணூறாவது இழுப்பில் ஐந்து நட்சத்திரம் ஒன்று நிச்சயம். ஆனால் அது நீங்கள் கேட்ட ஆளாக இருக்கும் என்று நிச்சயம் இல்லை. தவறினால் மறுபடி தொண்ணூறு வரை. மோசமான அதிர்ஷ்டக்காரனுக்கு 180 இழுப்பு. ஒரு இழுப்பு எவ்வளவு ரூபாய்? இங்கேதான் சாமர்த்தியம். ரூபாய் முதலில் ஜெனிசிஸ் கிரிஸ்டல் ஆகும். அது பிரைமோஜெம் ஆகும். 160 பிரைமோஜெம் சேர்ந்து ஒரு இழுப்புச் சீட்டு ஆகும். மூன்றாவது கைமாற்றில் மண்டையில் ரூபாய் என்ற சொல்லே இருக்காது. கோயில் திருவிழா ராட்டினத்துக்கு டோக்கன் வாங்கிய பிறகு எத்தனை சுற்று ஏறினோம் என்று யார் கணக்கு வைத்தார்கள்? 2025 ஜனவரியில் அமெரிக்க வர்த்தக ஆணையம் இந்த ஆட்டத்தின் நிறுவனத்தை 2 கோடி டாலர் கட்ட வைத்தது. குழப்பும் இந்த நாணய அடுக்கும் குற்றச்சாட்டுகளில் ஒன்று.

என் கதையையும் சொல்லிவிடுகிறேன். ஒரு ஆட்டத்தில், பெயர் வேண்டாம், 89 ரூபாய்க்கு "இன்று மட்டும்" பெட்டி. ராத்திரி பதினொன்றரை மணி. முதல் பெட்டியில் ஒன்றுமில்லை. இரண்டாவதில் வாணவேடிக்கை மாதிரி ஒளி கிளம்பி, நான் கேட்ட துப்பாக்கிக்கு அடுத்த துப்பாக்கி வந்தது. அந்த "கொஞ்சத்தில் போச்சே" தான் தூண்டில். பதினோரு பெட்டி, 979 ரூபாய். கிடைத்தவற்றில் ஒரே பாராசூட் இரண்டு தடவை இருந்தது. மறுநாளும் அந்த "இன்று மட்டும்" பெட்டி இருந்தது. அதற்கு மறுநாளும்.

"காசு கொடுத்து வாங்கும் கேமில் இந்தத் தொல்லை இல்லை" என்பார்கள். 2017-ல் முழு விலைக்கு வந்த ஸ்டார் வார்ஸ் பேட்டில்ஃபிரண்ட் 2 பெட்டிக்குள் வைத்தது வெறும் உடையை அல்ல, சண்டைக்கு உதவும் அட்டைகளை. அதாவது நுழைவுச்சீட்டுக்கும் காசு வாங்கி, உள்ளே வெற்றியையும் தனியாக விற்கப் பார்த்தார்கள். அது கிளப்பிய கூச்சலுக்கு மறு ஆண்டே பெல்ஜியம் இத்தகைய பெட்டிகளைச் சூதாட்டம் என்று அறிவித்தது. பெட்டியே இல்லாமலும் காசு போகும். ஃபோர்ட்நைட்டில் ஒரே ஒரு பொத்தானைத் தவறுதலாக அழுத்தினாலும் காசு போகும்படி வைத்திருந்ததற்காக எபிக் நிறுவனம் 24.5 கோடி டாலரைத் திருப்பித்தர 2022-ல் ஒப்புக்கொள்ள வேண்டிவந்தது.

அக்காவின் கேள்வி வேறு: "ஆன்லைன் ரம்மியும் இதுவும் ஒண்ணுதானடா?" இல்லை. 2025 ஆகஸ்டில் வந்த மத்தியச் சட்டம் தடுத்தது, பணம் கட்டிப் பணம் எடுக்கும் ஆட்டங்களை. இ-ஸ்போர்ட்ஸை அது தனியாக அங்கீகரிக்கிறது. ஆனால் அக்கா சுத்தமாகத் தப்பும் இல்லை. பெட்டிக்கு முன் உட்கார்ந்திருக்கும் கைக்கும் சீட்டுக்கு முன் உட்கார்ந்திருக்கும் கைக்கும் நடுக்கத்தில் எனக்கு வித்தியாசம் தெரியவில்லை.

பெட்டியிலிருந்து விழுவதைப் பற்றி ஒரு கிளை நம்பிக்கையும் உண்டு: "ஸ்கின் ஒரு முதலீடு, மாமா." ஸ்கின் என்றால் ஆயுதத்துக்குப் போடும் அலங்காரம். கவுன்டர் ஸ்ட்ரைக் கத்திகள் லட்சக்கணக்கில் விலைபோனது உண்மை. 2025 அக்டோபரில் வால்வ் ஒரு அப்டேட் விட்டது. ஐந்து சிவப்புத் தர ஸ்கின்களைக் கொடுத்தால் ஒரு கத்தியோ கையுறையோ பெறலாம். அவ்வளவுதான். கத்தி அரிதாக இருந்ததால்தானே விலை? ஒரே இரவில் கத்திகள் சரிந்தன, கேட்பாரற்றுக் கிடந்த சிவப்புகள் ஏறின. நிலத்தின் விலை விழலாம், ஆனால் யாரோ ஒருவர் ஒரு வரி எழுதி ஊரெல்லாம் புது நிலத்தை முளைக்க வைக்க முடியாது.

"இலவசமா விட்டா கூட்டம் தானா வரும்"

எக்ஸ்டிஃபையன்ட் என்ற ஷூட்டர் இலவசமாக 2024 மே மாதம் வந்தது, 2025 ஜூனில் மூடப்பட்டது. பிளிசார்டு நிறுவனத்தின் பழைய கைகள் சேர்ந்து செய்த ஸ்டார்ம்கேட்டும் இலவசம்தான். உத்தி ஆட்டங்களின் மறுபிறவி என்றார்கள், மறுபிறவி எழுந்து நிற்கவே இல்லை. இலவச ஆட்டத்துக்குப் பெருங்கூட்டம் வேண்டும், ஏனென்றால் அதில் மிகச் சிலரே காசு போடுவார்கள். கூட்டம் கலைந்தால் ஜோடி கிடைக்காது, ஜோடி கிடைக்காவிட்டால் இருப்பவனும் போவான்.

அதே 2024-ல் சோனி 40 டாலருக்கு இரண்டு ஷூட்டர்களை விட்டது. ஹெல்டைவர்ஸ் 2 பன்னிரண்டு வாரத்தில் 1.2 கோடி பிரதிகள் விற்றது. கான்கார்ட் ஆகஸ்ட் 23 அன்று வந்து செப்டம்பர் 6 அன்று காணாமல் போனது. ஒரே நிறுவனம், ஒரே விலை. ஹெல்டைவர்ஸில் உங்கள் நண்பனே உங்கள் தலையில் குண்டு போட்டுவிட்டு சிரிப்பான், நீங்களும் சிரிப்பீர்கள். வித்தியாசமெல்லாம் அங்கேதான் இருக்கிறது.

"85 சதவீதம்னு காட்டிட்டு மிஸ் ஆக்குறான், கம்ப்யூட்டர் ஏமாத்துது"

எக்ஸ்காம் ஆடியவர்கள் எல்லோருக்கும் இந்தப் புண் உண்டு. உங்கள் வீரன் வேற்றுக்கிரக ஜந்துவுக்கு மூன்றடி பக்கத்தில் நிற்கிறான். துப்பாக்கிமுனை அதன் மூக்கைத் தொடும் தூரம். திரையில் 85%. சுடுகிறான், குண்டு வானத்துக்குப் போகிறது. அந்த ஜந்து திரும்பி, நிதானமாக, உங்கள் வீரனின் கதையை முடிக்கிறது.

85 சதவீதம் என்றால் ஏறக்குறைய ஏழு தடவைக்கு ஒரு தடவை தவறும். அப்படி ஐந்து குண்டுகளும் தொடர்ந்து படுவதற்கான வாய்ப்பு 44 சதவீதம்தான், பாதிகூட இல்லை. நம் மனசோ 85-ஐ "நிச்சயம்" என்று படிக்கிறது. பட்ட ஆறு குண்டு நினைவில் நிற்காது, படாத ஒன்று பேரன் காலம் வரை நிற்கும்.

கம்ப்யூட்டர் ஏமாற்றுகிறதா? ஏமாற்றுகிறது, நமக்குச் சாதகமாக! எக்ஸ்காம் 2-இன் எளிதான நிலைகளில், தொடர்ந்து தவறவிட்டால் அடுத்த குண்டின் வாய்ப்பைத் திரையில் காட்டாமலேயே கூட்டிக்கொடுப்பார்கள். 2002-ல் வந்த ஃபயர் எம்ப்ளம்: தி பைண்டிங் பிளேட் இன்னும் ஒரு படி மேல். ஒரு எண்ணுக்குப் பதில் இரண்டு எண்களை உருட்டி சராசரி எடுக்கிறது. திரையில் 90 என்றால் நிஜத்தில் 98. நாம் 90-ஐ எப்படி உணர்கிறோமோ அதற்கேற்ப 90-ஐ மாற்றிவிட்டார்கள். சிவிலைசேஷனைப் படைத்த சிட் மெயரும் இதைச் சொல்லியிருக்கிறார்: மூன்றுக்கு ஒன்று பலத்தில் தோற்ற ஆட்டக்காரர்கள் கொதித்தார்கள், எனவே கணக்கை அவர்கள் மனசுக்கு ஏற்ப வளைக்க வேண்டியிருந்தது.

சிட் மெயர் என்றதும் காந்தி வராமல் இருப்பாரா? 1991 சிவிலைசேஷனில் காந்தியின் ஆவேச எண் 1 என்றும், ஜனநாயகத்துக்கு மாறினால் 2 குறைந்து, பூஜ்ஜியத்துக்குக் கீழே போக வழியின்றி 255-க்கு எகிறி, மகாத்மா அணுகுண்டு போடக் கிளம்பினார் என்றும் ஒரு பிழைக்கதை உலகப் பிரசித்தம். நானே கல்லூரியில் புரோகிராமிங் தெரியாத ஜூனியர்களுக்கு இதை உதாரணமாகச் சொல்லியிருக்கிறேன். 2020-ல் வந்த தன் நினைவுக்குறிப்பில் சிட் மெயர் அப்படி ஒரு பிழையே இல்லை என்று எழுதிவிட்டார். ஐந்தாம் பாகத்தில்தான், அதுவும் வேண்டுமென்றே, வேடிக்கைக்காகக் காந்தியின் அணுகுண்டு ஆசையை உச்சத்தில் வைத்தார்கள். பிழை பொய், நகைச்சுவை மெய். அந்த ஜூனியர்களிடம் மன்னிப்புக் கேட்க வேண்டும்.

"உத்தி ஆட்டத்துக்கு விரல் வேகம் வேணும். தவிர, அது செத்துப்போன வகை"

செத்துப்போன வகையென்றால் 1999-ல் வந்த ஏஜ் ஆஃப் எம்பயர்ஸ் 2-க்கு இன்னும் புதுப்புது இனங்கள் வருமா? 2022 ஏப்ரலில் வந்த டைனஸ்டிஸ் ஆஃப் இந்தியாவில் திராவிடர் வந்தார்கள், இராசேந்திர சோழன் படையெடுப்போடு. சுருள்வாள் வீசும் உருமி வீரன், திரிசடை என்ற போர்க்கப்பல். ஒரு குடியானவனைச் சொடுக்கினால் தமிழில் பதில் சொல்வான். முதல் தடவை கேட்டபோது மரம் வெட்டச் சொல்லாமல் மறுபடி மறுபடி சொடுக்கிக்கொண்டே இருந்தேன். "திராவிடர் வீக்" என்று ஒரு பேச்சு உண்டு. திறந்தவெளி வரைபடத்தில் சரிதான், கவசக் குதிரைவீரனே கிடையாது. ஆனால் நீர் நிறைந்த வரைபடத்தில் அவர்களோடு மோதிப் பார்த்துவிட்டுச் சொல்லுங்கள். 2025-ல் வந்த சிவிலைசேஷன் 7-லும் சோழர் உண்டு, அஞ்சுவண்ணம், மணிக்கிராமம் என்ற வணிகக் குழுக்களின் பெயர்களோடு. வந்த புதிதில் அந்த ஆட்டம் யுகத்துக்கு யுகம் நாட்டையே மாற்றச் சொன்னது எனக்குப் பிடிக்கவில்லை என்பது வேறு விஷயம். நட்டு வளர்த்த மரத்தைப் பாதியில் வேறு மரமாக்குவது போல இருந்தது.

விரல் வேகத்துக்கு வருவோம். ஏஜ் ஆஃப் எம்பயர்ஸ் 2-ல் ஒரு குடியானவன் உருவாக 50 உணவும் 25 விநாடியும் ஆகும். என் தோல்வி ஒன்றின் பதிவை ஒரு நாள் ஓட்டிப் பார்த்தேன். முதல் பதினைந்து நிமிடத்தில் என் நகரமையம் 3 நிமிடம் 40 விநாடி சும்மா கிடந்தது. கிட்டத்தட்ட ஒன்பது குடியானவர்கள் பிறக்கவே இல்லை. அந்த நேரத்தில் நான் என்ன செய்துகொண்டிருந்தேன்? ஒரே ஒரு குதிரைக்காரனை எதிரி ஊருக்குள் விட்டு, பரபரவென்று நூறு சொடுக்குச் சொடுக்கி, ஒரு ஆட்டைத் திருட முயன்றுகொண்டிருந்தேன். விரல் வேகமாகத்தான் இருந்தது.

"துப்பாக்கி கேம் ஆடினா பிள்ளை முரடன் ஆயிடுவான்"

2019-ல் ஆக்ஸ்போர்டு ஆய்வாளர்கள் 14, 15 வயதுப் பிரிட்டிஷ் பிள்ளைகள் சுமார் ஆயிரம் பேரையும் அவர்கள் பெற்றோரையும் கேட்டுப் பார்த்தார்கள். வன்முறை ஆட்டத்துக்கும் பிள்ளைகளின் ஆவேச நடத்தைக்கும் தொடர்பு கிடைக்கவில்லை. ஆனால் அக்காவுக்கு நான் வேறொன்றைக் காட்டினேன்: மைக். ஸ்க்வாடில் முன்பின் தெரியாத மூன்று பேர், தோற்ற மறுகணம் ஒரு பதினைந்து வயதுப் பையனின் அம்மாவை இழுத்துப் பேசுவார்கள். துப்பாக்கியைப் பார்த்துப் பதறுகிறோம், காதில் விழுவதைக் கேட்பதில்லை. செட்டிங்ஸுக்குள் போய்ச் சத்தத்தை அணைக்க இரண்டு தட்டுப் போதும்.

ரவுட்டரைக் குடத்துக்குப் பின்னாலிருந்து எடுத்து ஹாலில் வைத்த மறுநாள், பயலுக்கு முதல் சிக்கன் டின்னர், அதாவது முதல் வெற்றி, கிடைத்தது. வீடே அதிர்ந்தது. நான் பக்கத்தில் உட்கார்ந்து பார்த்தேன். அவன் அடித்தவர்களில் பாதிப் பேர் பாட், கணினி ஓட்டும் பொம்மைகள். புதிதாக வருகிறவன் சோர்ந்துபோகக் கூடாதென்று இத்தகைய ஆட்டங்கள் கீழ்நிலை லாபிகளை இப்படி நிரப்புவது வழக்கம். ஃபோர்ட்நைட் 2019-ல் வெளிப்படையாகவே அறிவித்தது. நான் வாயைத் திறக்கவில்லை. ஆனால் பயல் கூர்மையானவன்.

"மாமா, அந்த ஒருத்தன் மட்டும் ஏன் செவுத்தப் பாத்துக்கிட்டே நின்னான்?"

சொல்லவேண்டியதாயிற்று. கொஞ்ச நேரம் முகம் சுருங்கியது. பிறகு கேட்டான்:

"நேத்து அம்மா சாப்பிடக் கூப்டப்ப நானும் அப்படித்தான் நின்னேன். அப்ப என்னையும் பாட்னு நெனச்சிருப்பாங்களா?"